பெருமாள் விழுந்த வளைவு

எங்கள் வீட்டில் புரட்டாசி பிறந்துவிட்டால் பெருமாளுக்குக் கொண்டாட்டம், மற்றவர்களுக்குத் திண்டாட்டம். பள்ளிக்கூடத்தில் யாராவது பிறந்தநாள் கேக் கொடுத்தால்கூட, முட்டை போட்டிருப்பார்கள் என்று வாங்கக்கூடாது. சனிக்கிழமைகளில் அப்பாவும் அம்மாவும் ஒருபொழுது இருப்பார்கள். உச்சி நேரத்தில் பெருமாளுக்குப் படைத்த பிறகுதான் சாப்பாடு, அதுவும் அன்றைக்கு அந்த ஒரு வேளைதான். நாங்கள் நாமக்கல் பக்கத்துக்காரர்கள். அங்கே தெருவுக்குத் தெரு இப்படித்தான். ஆனால் நாங்கள் குடியிருந்தது கலிபோர்னியாவில், டப்ளின் என்ற ஊரில். எங்கள் தெருவில் புரட்டாசி என்ற ஒன்று நடப்பது எங்களுக்கும் பெருமாளுக்கும் மட்டுமே தெரியும்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம் அது. இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிப்போகும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த காலம். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கக் கூப்பிட்டு வந்த ஆட்களில் அப்பாவும் ஒருவர். ஞாயிற்றுக்கிழமைகூட ஆபீஸ் போவார். அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள், மலைக்கு அந்தப் பக்கம் போனால் அக்டோபர் தொடக்கத்தில் மரங்களெல்லாம் மஞ்சளாக மாறி நிற்கும், விட்டால் பத்து நாளில் கொட்டிவிடும் என்று. அம்மா புரட்டாசி முடியட்டும் என்றாள். இலை அதுவரைக்கும் காத்திருக்காது என்றார் அப்பா. வெளியில் சாப்பிட மாட்டேன் என்றாள் அம்மா. அப்படியானால் அடுப்படியையும் கூட்டிக்கொண்டு போவோம் என்று சொல்லி அப்பா ஓர் ஆர்.வி.யை வாடகைக்கு எடுத்துவிட்டார்.

ஆர்.வி. என்றால் சக்கரம் வைத்த வீடு. உள்ளே கேஸ் அடுப்பு, பிரிட்ஜ், கட்டில், கக்கூஸ், சாப்பிடுகிற மேசை எல்லாம் உண்டு. ஒரு லாரி நீளம் இருக்கும். அப்பா அதுவரை ஓட்டிய பெரிய வண்டி எங்கள் பழைய கார்தான். நாமக்கல்லில் பிறந்தவனுக்கு லாரி ஓட்டச் சொல்லியா தர வேண்டும் என்றார். அம்மா எங்கள் தோட்டத்து எலுமிச்சம்பழங்களை நாலு சக்கரத்துக்கும் வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஏறினாள். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் அக்காவுக்குப் பதின்மூன்று வயது. எங்களுடன் அவள் வந்தது எல்லோருக்கும் செய்த பெரிய உபகாரம் என்பதுபோல முன்சீட்டில் மேப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இப்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ஒரு வருடமாக இருந்தது. எங்கள் யாருக்கும் அவர் சொல்லவில்லை. மாத்திரைகளை நெஞ்செரிச்சல் மாத்திரை டப்பாவில் போட்டு ஆபீஸ் பையில் வைத்திருந்தார். காலையில் தவறாமல் மாத்திரை போட வேண்டும், போட்டதும் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பா நல்ல பிள்ளை, யார் சொல்லையும் தட்ட மாட்டார். அந்தச் சனிக்கிழமை காலை, ஆர்.வி.யின் குட்டிக் குளியலறையில் டாக்டர் சொன்னபடி மாத்திரையை விழுங்கினார். வெளியே வந்து, பெருமாளுக்கு நேர்ந்தபடி பட்டினி இருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி, காற்றாலைகள் சுற்றுகிற மொட்டைக் குன்றுகளைத் தாண்டி, கண்ணுக்கெட்டியவரை பாதாம் தோட்டங்களாகக் கிடந்த சமவெளியைத் தாண்டி, மலையடிவாரத்தில் தங்கியிருந்தோம். விடிந்ததும் அம்மா குளித்துவிட்டு மாவிளக்குக்கு மாவு பிசைந்தாள். பச்சரிசி மாவும் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பெரிய உருண்டையாகப் பிடித்து, நடுவில் குழி செய்து, நெய் ஊற்றித் திரி போட்டு வைத்தாள். நான் பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டேன், அவ்வளவுதான். புறங்கையில் ஒன்று விழுந்தது. சாமிக்குப் படைக்கும்முன் வாசம் பிடிப்பதுகூடத் தப்பு என்றாள்.

அங்கேயே படைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அப்பாவுக்கு ஆசை. மலையைத் தாண்டிப் போய், மஞ்சள் மரத்தடியில், ஏரிக்கரையில் மாவிளக்கு ஏற்றலாம், உச்சிக்குள் போய்விடலாம் என்றார். அம்மாவுக்கும் அது பிடித்திருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட பெருமாள் படத்தைச் சமையல் மேடையில் நிறுத்தி, துண்டால் அலமாரிக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினாள். மாவிளக்கு இருந்த பித்தளைத் தட்டை என் மடியில் வைத்து, வண்டி திரும்பும்போது சரியாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மலை ஏற ஏற எல்லாம் மாறிக்கொண்டே வந்தது. காய்ந்த புல்லும் கருவேலமரம் மாதிரி ஏதோ மரங்களும் போய் பைன் மரங்கள் வந்தன. அப்புறம் அதுவும் போய் வெறும் வெள்ளைப் பாறைகளாக நின்றன. அப்பா பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினார். வளைவுக்கு வளைவு வண்டி திணறியது. பின்னால் வந்த கார்களுக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டதில் நேரம் ஓடிவிட்டது. கணவாயின் உச்சிக்கு வந்தபோதே மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. அம்மா இரண்டு தடவை, வழியிலேயே படைத்துவிடலாமா என்று கேட்டாள். இறங்கினால் ஏரிதான் என்று அப்பா இரண்டு தடவையும் ஒரே பதிலைச் சொன்னார்.

இறங்க ஆரம்பித்த பிறகுதான் பாட்டு நின்றதைக் கவனித்தேன்.

அந்தச் சாலை மலையின் விலாவில் வெட்டிய சாலை. இடப்பக்கம் பாறைச் சுவர், வலப்பக்கம் ஒன்றுமில்லை. கீழே எங்கோ ஓர் ஓடை நூல் மாதிரி தெரிந்தது. நாங்கள் அந்த ஒன்றுமில்லாத பக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம். அக்கா, வேகத்தைக் குறைக்கச் சொல்லிப் பலகை வருகிறது என்றாள். அப்பா அவளை அதட்டினார். மேப்பை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாத கழுதை என்றார். எங்கள் அப்பா எங்களை அதட்டியே நாங்கள் கேட்டதில்லை. அக்கா மேப்பை மடித்து வைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் அப்பா சாதாரணமான குரலில் கேட்டார்.

"ராசிபுரம் தாண்டியாச்சா?"

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். சமாதானம் பேசுவதற்காக வேடிக்கை செய்கிறார் என்று நினைத்தோம். அம்மாவும் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அலமாரிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனாள். அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. ஜன்னல் திறந்திருந்தது, நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தேன், அப்பாவுக்கு மட்டும் வேர்த்து ஊற்றியது. அம்மா புறங்கையால் அவர் கழுத்தைத் தொட்டாள்.

அம்மாவைப் பெற்றவர் சர்க்கரை நோய்க்காரர். ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிட மறந்து, நட்டநடுக் கூடத்தில் நின்று சம்பந்தமில்லாமல் பேசுவாராம். குளிர்ந்த வேர்வை, காரணமில்லாத கோபம், அப்புறம் உளறல். பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்தபோதே அவர் வாயில் சர்க்கரையைத் திணித்துப் பழகியவள் அம்மா. கடைசியில் ஒரு காலை வெட்டி எடுத்தும் அவர் பிழைக்கவில்லை. ஒரு வருடமாக அப்பா மறைத்து வைத்திருந்தது அம்மாவுக்கு அந்த ஒரு தொடுதலில் தெரிந்துபோயிற்று. எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது வெகுகாலம் கழித்து. அன்றைக்கு நான் கண்டதெல்லாம் அம்மாவின் முகம் வெளுத்ததைத்தான்.

"ஏனுங்க, சித்த ஓரமா நிறுத்துங்க."

அப்பா கேட்காதவர்போல ஓட்டினார்.

"நிறுத்துங்கன்னு சொல்றனுங்க."

"நிறுத்த மாட்டேன்" என்றார் அப்பா. "பெருமாளுக்கு நேரமாச்சு."

அம்மா அவர் தோளைப் பிடித்தாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். தட்டிவிட்டபோது வண்டி வலப்பக்கம் ஒதுங்கியது. சக்கரம் தாரை விட்டு ஜல்லியில் ஏறிய சத்தம் கேட்டது. அப்புறம் கற்கள் உருண்டு விழுகிற சத்தம், விழுந்துகொண்டே இருக்கிற சத்தம். அக்கா "டாட், டாட்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டி எப்படியோ மறுபடி சாலைக்கு வந்தது. ஸ்டீயரிங்கைப் பிடுங்க முடியாது, பிடுங்கினாலும் அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. சாவியைத் திருப்பினால் என்ன ஆகும் என்றும் தெரியாது. நான் தட்டை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டேன். செத்துப்போகிறோம் என்றெல்லாம் நினைக்கவில்லை. மாவிளக்கு சரிந்தால் அம்மா அடிப்பாள் என்றுதான் பயந்தேன்.

அம்மா முன்கண்ணாடி வழியே பார்த்தாள். தூரத்தில், அடுத்த வளைவுக்கு முன்னால், வண்டிகள் ஒதுங்குவதற்காகக் கொஞ்சம் அகலமாக மண் தரை இருந்தது. உடனே அவள் திரும்பி என் பக்கம் வந்தாள். சமையல் மேடையில் இருந்த துண்டை அவிழ்த்தாள். பெருமாள் படத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். தலைக்கு மேல் தூக்கி, ஓங்கித் தரையில் போட்டாள்.

கண்ணாடி படீரென்று உடைந்தது. அம்மா என்னைப் பார்த்தாள், நான் பார்த்துவிட்டதையும் பார்த்தாள். பிறகு முன்பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"ஏனுங்க, பெருமாள் கீழ விழுந்துட்டாருங்க!"

அப்பா பிரேக்கை மிதித்தார்.

எங்கள் யாருக்காகவும் நிற்காத கால் அதற்கு நின்றது. அலமாரிக் கதவுகள் எல்லாம் திறந்துகொண்டன. பருப்பு டப்பா உருண்டது. வண்டி அந்த மண் தரையில் பாதியும் சாலையில் பாதியுமாகக் குறுக்கே நின்றது. "எப்படி விழுந்தாரு?" என்று அப்பா திரும்பினார். திரும்பும்போதே அவர் கால் பிரேக்கிலிருந்து நழுவி, வண்டி மெல்ல முன்னால் ஊர ஆரம்பித்தது. அக்கா அவர் மடிமேல் பாய்ந்து கியரைத் தள்ளினாள். ஒரு குலுக்கலோடு நின்றோம். முன்கண்ணாடியில் சாலை தெரியவில்லை, வானம் மட்டும் தெரிந்தது.

அடுத்து அம்மா செய்ததுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. என் மடியில் இருந்த தட்டைப் பறித்தாள். திரியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மாவிளக்கின் விளிம்பைப் பிட்டாள். நெய் ஒழுக ஒழுக அப்பாவின் வாய்க்குக் கொண்டுபோனாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலை நிற்கவில்லை, கண் எங்கோ சொருகுகிறது, ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"இன்னும் படைக்கலியே."

"படைச்சாச்சுங்க" என்றாள் அம்மா. "பிரசாதம். வாயத் தொறங்க."

படைக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். காலையிலிருந்து காவல் காத்தவள் நான். பொய் சொல்லக்கூடாது என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவளே பொய் சொல்கிறாளே என்று நியாயம் கேட்க வாயைத் திறந்தேன். தட்டுக்குப் பின்னாலேயே முன்சீட்டுப் பக்கம் போய் நின்ற என் தொடையை அக்கா பிடித்துக் கிள்ளினாள். அப்படி ஒரு கிள்ளல் அதற்கு முன்னும் பின்னும் நான் வாங்கியதில்லை. அப்பா வாயைத் திறந்தார். பிரசாதம் என்றால் அவர் மறுக்க மாட்டார்.

அம்மா கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். கன்னத்துக்கு உள்ளே விரலால் தடவினாள். நடுநடுவே விழுங்குங்க, விழுங்குங்க என்றாள். மீதி வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவரச் சொல்லி அக்காவை விரட்டினாள். ஒன்றுமே நடக்காமல் வெகு நேரம் போனது. அப்பாவின் தலை அம்மாவின் வயிற்றில் சாய்ந்து கிடந்தது. அவள் சேலையெல்லாம் மாவு. எனக்கு அழுகை வந்தது, ஆனால் யாரைப் பார்த்து அழுவது என்று தெரியவில்லை.

பின்னால் ஒரு பிக்கப் வந்து நின்றது. தொப்பி போட்ட வயதான வெள்ளைக்காரர் இறங்கி வந்து, ஜன்னலில் எட்டிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். உள்ளே ஓர் ஆளின் தலையைக் கட்டிப்பிடித்து ஒரு பெண் மாவு ஊட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் எதுவும் வாயில் வரவில்லை. அப்போது அப்பா கண்ணைத் திறந்து, அவரை உற்றுப் பார்த்து, "லஞ்ச்" என்றார்.

அப்பா சொன்ன முதல் சரியான வார்த்தை அது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா இறங்கிப் போய் அந்தப் பெரியவரிடம் ஏதோ சொன்னாள். அவர் தன் வண்டியை எங்களுக்குப் பின்னால் நிறுத்தி, விளக்கை மின்னவிட்டு, நாங்கள் கிளம்புகிறவரை காவல் இருந்தார்.

அம்மா புளிசாதத்தையும் தயிர்சாதத்தையும் எடுத்து வைத்து அப்பாவைச் சாப்பிடச் சொன்னாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, படம் எப்படி விழுந்தது என்று மறுபடி கேட்டார்.

"வளைவுல விழுந்துடுச்சுங்க" என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "எத்தனை நாளா இருக்குது?" என்று கேட்டாள்.

அப்பா வாயில் இருந்ததை விழுங்கினார். "போன வருசத்துல இருந்து."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

"உங்கப்பாவைப் பாத்தவகிட்ட எப்படிச் சொல்றது?"

அம்மா குனிந்தாள். படத்தின் ஓரத்திலிருந்து தெறித்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். முதுகு குலுங்கியது. பெருமாளை உடைத்துவிட்டோமே என்று அழுகிறாள், பின்னே இருக்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா முழுக்கத் தெளிகிறவரை அங்கேயே இருந்துவிட்டு, மெதுவாக இறங்கினோம். அக்காவைப் பின்னால் அனுப்பிவிட்டு அம்மா முன்சீட்டில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவள் உள்ளங்கையில் ஒரு வெல்லக்கட்டி இருந்தது. கீழே ஏரியும் இருந்தது, மஞ்சள் மரங்களும் இருந்தன. மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். அதைப் பார்க்கத்தான் அத்தனை தூரம் வந்தோம் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. அம்மா விரிசல் விட்ட படத்தை ஒரு மரத்தடியில் சாய்த்து வைத்து, தின்றது போக மிஞ்சிய மாவிளக்கில் புதுத் திரி போட்டு ஏற்றினாள். எச்சில் ஆயிற்றே என்று அப்பா தயங்கினார். பெருமாளுக்குத் தெரியாததா, கும்பிடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

நான் கும்பிட்டேன், ஆனால் கண்ணை மூடவில்லை. எந்த நிமிடமும் தண்டனை வரும் என்று எதிர்பார்த்தேன்.

அது வீட்டுக்கு வந்த பிறகு வந்தது. திங்கட்கிழமை அம்மா பாயசச் சேமியாவையும் லட்டு டப்பாவையும் எடுத்துப் பக்கத்துத் தெரு ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டாள். வீட்டில் இனிப்பு என்ற பேச்சே இல்லை. வாரத்தில் பாதி நாள் பாகற்காய். சாயங்காலம் ஆனால் எல்லோரும் நடக்கப் போக வேண்டும். அதே ஆன்ட்டியிடம் அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆரம்பித்து, எங்கள் குப்பைத் தொட்டியை இடித்துத் தள்ளினாள். அம்மா செய்த பாவத்துக்குப் பெருமாள் குடும்பத்தோடு சேர்த்துத் தண்டிக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்பா படத்துக்குப் புதுக் கண்ணாடி வெட்டி வாங்கிவந்தார். உடைந்த கண்ணாடி பூஜையில் இருக்கக்கூடாது என்றார். அம்மா இருக்கட்டும் என்றாள். ஏன் என்றார். இருக்கட்டும் என்றாள். அவள் சாத்திரம் பார்க்கிற பார்வைக்கு அந்தப் பதில் அப்பாவுக்குப் புரியவே இல்லை. புதுக் கண்ணாடி கராஜில் சாய்ந்து கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை அம்மா இன்னொரு அநியாயமும் செய்தாள். பெருமாளுக்கு முன்னால் அப்பாவுக்கு இட்லி வைத்தாள், காலை எட்டு மணிக்கே. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மாவிளக்கு ஏற்றினாள். ஏற்றிவிட்டு அந்த விரிசல் விழுந்த படத்தின் முன்னால் கண்ணை மூடி வெகு நேரம் நின்றாள். மன்னிப்புக் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. பாவமாக இருந்தது. ஒருத்தியாகக் கேட்டால் பெருமாள் இரங்க மாட்டார் என்று நானும் பக்கத்தில் போய் நின்று, அவர் காதில் விழட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"பெருமாளே, அம்மா உன்னைய வேணும்னே கீழ போட்டாங்க. அவங்கள மன்னிச்சுடு. வளைவுல விழுந்துடுச்சுன்னு அப்பாகிட்டப் பொய் சொன்னதுக்கும் மன்னிச்சுடு."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் கற்பூரத் தட்டோடு அப்பா நின்றிருந்தார். தட்டை வாங்கலாம் என்று திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது.

மறுநாள் அப்பா புதுக் கண்ணாடியை எடுத்துக் காரில் வைத்தார். நானும் தொற்றிக்கொண்டேன். இந்த நாட்டில் எதை வேண்டுமானாலும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். அளவு தப்பா என்று கடைக்காரர் கேட்டார். அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று அப்பா சொன்னார். பிறகு ஏன் கொடுக்கிறீர்கள் என்று வீடு வருகிற வரைக்கும் நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அம்மாவுக்காகப் பெருமாளிடம் அத்தனை சிபாரிசு செய்தவள் நான், அவருக்கு ஒரு நல்ல கண்ணாடி போட்டுக் கொடுக்க இந்த வீட்டில் ஓர் ஆள் இல்லையே என்று அப்பா மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.